மெல்சி அழுத்திய குத்து

தூத்துக்குடியில் ஆளில்லாத அடிகள் விழத் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில்தான். முதல் அடி ஞானராஜ் அண்ணாச்சியின் பேக்கரியில், மக்ரூன் நிரப்பி வைத்திருந்த கண்ணாடி ஜாடி மேல் விழுந்தது. மெல்லிசாக ஒரு தட்டு, அதே மாதிரி இன்னொரு தட்டு, அப்புறம் கீழேயிருந்து மேலே எகிறிய ஒரு குத்து; ஜாடி அலமாரியை விட்டுக் கிளம்பி, மின்விசிறியை உரசி, உள்ளே இருந்ததையெல்லாம் வெள்ளை மழையாகக் கொட்டிவிட்டு, வாசல்படியில் போய் நொறுங்கியது. அண்ணாச்சி ஜாடி இருந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு துடைப்பத்தை எடுத்துக் கூட்டினார். கூட்டிக்கொண்டே "எவம்ல அடிச்சது?" என்று கேட்டார், கடையில் யாருமே இல்லை என்று தெரிந்ததும், "எவனோ, கை நல்ல கைதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஜாடியைக் கீழ்த் தட்டில் இறக்கி வைத்தார்.

அந்தக் குத்து மெல்சி கொரைராவுடையது. அதை அவள் முந்தின ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் மண்டபத்து மேடையில், ஊரே பார்த்துக்கொண்டிருக்க அழுத்தியிருந்தாள். அது திரைக்குப் போய்ச் சேரவில்லை.

மெல்சிக்குத் துறைமுகத்துப் பக்கம் ஒரு ஷிப்பிங் ஏஜென்சியில் வேலை. வேலை போக மிச்சமுள்ள நேரமெல்லாம் அவள் 'ரணகளம்' ஆடுவாள். பள்ளிக்கூடம் படித்த காலத்திலிருந்தே ஆடுகிறாள். திரையில் இரண்டு பேர் நின்று சண்டை போடுகிற விளையாட்டு அது. இங்கே கையிலிருக்கும் கன்ட்ரோலரில் பொத்தானை அழுத்தினால் அங்கே உள்ளவர் அடிப்பார். சரியான கணத்தில் அழுத்தினால் எதிராளி விழுவான், கண் சிமிட்டுகிற நேரம் தாமதித்தால் நீங்கள் விழுவீர்கள். எல்லாரும் மலைபோல் மார்புள்ள வீரர்களைத் தேர்ந்தெடுக்க, மெல்சி மட்டும் சடையைச் சாட்டையாகப் பின்னிய ஒரு கிழவியைத் தேர்ந்தெடுப்பாள். இரண்டு தட்டு தட்டி எதிராளியின் கவனத்தைக் கீழே இழுத்துவிட்டு, மூன்றாவதாகத் தாடையைத் தூக்கும் ஒரு எகிறுகுத்து. அது அவளுடைய அடி. அப்படி ஆட ஊரில் வேறு ஆள் கிடையாது.

அவளுடைய கன்ட்ரோலருக்கு வயர் உண்டு. இரண்டு இடத்தில் கறுப்பு டேப் சுற்றிய, எத்தனை தடவை நீட்டினாலும் திரும்பச் சுருண்டுகொள்கிற பிடிவாதக்கார வயர். அவள் அதை நம்பினாள். ஒரு முனையில் விரல், மறுமுனையில் அடி, நடுவில் வேறு எவருக்கும் வேலையில்லை என்பதுதான் அவள் கணக்கு.

விளையாட்டுச் சங்கத்தின் தலைவர் தவசிமணி அண்ணாச்சிக்கு அந்தக் கணக்குப் பிடிக்கவில்லை. பெரிய ரோட்டில் மொபைல் ஷோரூம் வைத்திருந்த அவர், அந்த வருஷம் வயரில்லாத கன்ட்ரோலர்களை லாரி லாரியாக இறக்கியிருந்தார். போட்டிக்குக் கொஞ்ச நாள் முன்னால் அவரே ஒரு விதியும் போட்டார்: மேடையில் வயருக்கு அனுமதி இல்லை, எல்லாரும் சங்கம் கொடுக்கிற வயர்லெஸ்ஸில்தான் ஆட வேண்டும். மெல்சி ஷோரூமுக்கே போய்க் கேட்டாள்.

"அண்ணாச்சி, மண்டபம் நெறைய ஆளு. ஒவ்வொருத்தர் கையிலயும் போனு. மேடையில அத்தன கன்ட்ரோலரு. எல்லாம் ஒரே காத்துலதான பேசணும்? எல்லாரும் ஒண்ணா கத்துனா யாரு பேச்சு யாருக்குக் கேக்கும்?"

"விஞ்ஞானம் எங்கயோ போயிட்டும்மா," என்றார் தவசிமணி. "நீ இன்னும் வயரப் புடிச்சித் தொங்குதியே. மேடையில வயரு கெடந்தா வீடியோவுல பாக்க வலை காயப்போட்ட மாரி இருக்கு. ஆடத் தெரிஞ்சவங்களுக்கு எதுவா இருந்தா என்ன?"

ஆடத் தெரிந்தவள்தான் என்று காட்டுவதற்காக மெல்சி சம்மதித்தாள். பின்னால் அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குத் தன் மேலேயே எரிச்சல் வரும்.

இறுதி ஆட்டத்தில் எதிரே உட்கார்ந்தவன் காயல்பட்டினத்துச் சேகு முகைதீன். மாமாவின் அத்தர்க் கடையைப் பார்த்துக்கொள்கிறவன், மெல்சியோடு எத்தனையோ வருஷமாக ஆடுகிறவன், அவளை அவளுடைய அடியை வைத்தே அறிந்தவன். கடைசிச் சுற்றில் இரண்டு பேருக்கும் உயிர் ஒரு நூலில் நின்றது. சேகுவின் வீரன் எகிறிக் குதித்தான். மெல்சி பார்த்தாள், அவன் குதிப்பான் என்று அவன் குதிப்பதற்கு முன்பே அவளுக்குத் தெரியும். தட்டு, தட்டு, குத்து. விரல் சரியாகப் போனது, பொத்தான் சரியாக அமுங்கியது, அமுங்கிய சத்தம் காதில் கேட்டது. திரையில் கிழவி பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவள் மாதிரி சும்மா நின்றாள். நின்று, அடி வாங்கி, விழுந்தாள்.

மண்டபம் கூரை பிய்ந்து போகிற மாதிரி கத்தியது. மெல்சி மைக்கின் பக்கம் நடந்து போய், "நான் அழுத்துனேன்" என்றாள்.

"தோத்தவங்க எல்லாரும் அதத்தாம்மா சொல்லுதாங்க," என்றார் தவசிமணி, சிரித்தபடி, கூட்டத்துக்குக் கேட்கும்படி.

"அழுத்துனேன் அண்ணாச்சி. திரையில வரல."

"வரலன்னா அழுத்தலன்னுதான அர்த்தம்?"

கூட்டத்தில் ஒருவன், "கை நடுங்கியிருக்கும், பொம்பளப் பிள்ளதான, பாவம்" என்றான். கெட்ட எண்ணத்தோடு அவன் சொல்லவில்லை; அதனாலேயே அது மெல்சிக்கு மற்ற எல்லாவற்றையும்விட ஆழமாக இறங்கியது. அவள் சேகுவைப் பார்த்தாள். சேகு கையிலிருந்த கோப்பையைப் பார்த்தான்.

வீட்டுக்கு வந்து அம்மா ரோஸ்லினிடம் சொன்னபோது, அம்மாவும், "சரி விடுட்டி, வெளாட்டுதான" என்றாள். விளையாட்டுதான். ஆனால் வெறும் விளையாட்டில்கூட, செய்ததைச் செய்யவில்லை என்று மைக் வைத்துச் சொல்வார்கள் என்றால், மற்ற காரியங்களில் என்னதான் சொல்ல மாட்டார்கள் என்று நினைத்தபடி அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை.

ஜாடி உடைந்த பிறகு அடிகள் நிற்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துக் காற்றில் வழி தவறிப் போன குத்துகளும் உதைகளும், காலையிலிருந்து சாயங்காலம் வரை ஆடிய அத்தனை பேருடைய அடிகளும், சேர வேண்டிய திரை தெரியாமல் ஊர்மேல் அலைந்து, களைத்த இடத்தில் இறங்கின. போதாததற்கு தவசிமணியின் ஷோரூமிலிருந்து வயர்லெஸ் வாங்கிப்போன வீடுகளிலிருந்தும் புதுசு புதுசாகக் கிளம்பின. பழைய பஸ் ஸ்டாண்டில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டரின் தொப்பியை ஒரு சுழல் உதை பறித்துக்கொண்டு போனது. உப்பளத்தில் குவித்திருந்த உப்பு ஒரு பக்கமாக இடிந்து, அதில் முழங்கைத் தடம் தெளிவாகப் பதிந்திருந்தது. பல் டாக்டரின் கூடம் நிறைந்தது. ஒரு கல்யாணத்தில், தாலி கட்டுகிற நேரத்தில் மாப்பிள்ளையின் விலாவில் ஒன்று இறங்க, அவன் வலியில் குனிந்ததைப் பெண்வீட்டார் பணிவு என்று எடுத்துக்கொண்டு நெகிழ்ந்து போனார்கள்.

ஊர் இதையெல்லாம் வாங்கிக்கொள்ளப் பழகியது. மழைக்காலத்தில் குடை எடுப்பது போல, வெளியே இறங்கும்போது ஆட்கள் முழங்கையை முகத்துக்கு நேரே மடக்கிக்கொண்டார்கள். ரவுண்டானாவைத் தாண்டுகையில் ஆணும் பெண்ணும் சைக்கிளும் ஸ்கூட்டருமாய் எல்லாரும் ஒரு கையைத் தூக்கித் தடுத்தபடி போவது வெளியூர்க்காரர்களுக்குச் சலாம் வைப்பது போலத் தோன்றியதால், தூத்துக்குடிக்காரர்கள் மரியாதை தெரிந்தவர்கள் என்று சுற்று வட்டாரத்தில் பெயர் பரவியது. மீன் விற்கிற பெண்கள் கூடையைத் தலையில் வைக்காமல் இடுப்பில் வைத்தார்கள். கோயில் பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரத்தில் ஒரு உதை வந்து விழுந்தால், அடி வாங்கியவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்து, "நீங்க இல்லன்னு தெரியும்" என்று சொல்லிவிட்டுத்தான் கையைக் கொடுக்க வேண்டும் என்று பங்குச்சாமியார் ஒரு ஒழுங்கு வைத்தார். ஏன் விழுகிறது என்று யாரும் கேட்கவில்லை. எப்போது விழும் என்றுதான் கேட்டார்கள்.

யாருடையது என்று கேட்கத் தொடங்கியது பிறகுதான். போட்டியின் வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்த ஒருவன் ஞானராஜ் அண்ணாச்சியின் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது எதிர் வீட்டு மாடியில் காயவைத்திருந்த வடகத் தாம்பாளம் தட்டு, தட்டு என்று இரண்டு அடி வாங்கி, பிறகு எகிறித் தெருவில் கவிழ, "இது மெல்சி அடில்லா!" என்று கத்திவிட்டான். அவ்வளவுதான். வடகக்காரி வந்தாள், தொப்பி போன கண்டக்டர் வந்தார், தங்கள் மேல் விழுந்தது உதைதான், குத்தல்ல என்று நன்றாகத் தெரிந்தவர்கள்கூட வந்தார்கள். அத்தனை பேரும் மெல்சி வீட்டு வாசலில் நின்று, முழங்கையை மடக்கியபடியே சத்தம் போட்டார்கள்.

"பிள்ளய அடக்கி வைக்கக் கூடாதா ரோஸ்லின்? ஊரெல்லாம் அவ கைதான் மேயுது!"

உள்ளே இருந்த மெல்சிக்கு உடம்பெல்லாம் கொதித்தது. மண்டபத்தில் அத்தனை பேர் முன்னால் அழுத்தினேன் என்று கத்தியபோது கேட்காத காதுகள் இவை. இன்று வடகத்துக்காக வந்து, அழுத்தினாய் அழுத்தினாய் என்று அவள் வாசலிலேயே சாட்சி சொல்கின்றன. அவள் வெளியே வந்தாள்.

"அது என் குத்துதானா?"

"ஒன் குத்தேதான்!"

"நல்லாத் தெரியுமா?"

"சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்!"

"அப்போ அன்னைக்கு நான் அழுத்துனேன்லா? அதச் சொல்லுங்க. ஒருத்தர், ஒரே ஒருத்தர் அதச் சொல்லுங்க, வடகம் நானே போட்டுத் தாரேன்."

கூட்டம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. அது வேற விஷயம் என்று யாரோ சொன்னார்கள். அது வேற விஷயம், அது வேற விஷயம் என்று முணுமுணுத்தபடி எல்லாரும் கலைந்து போனார்கள்.

அந்த வாரமே தவசிமணி மண்டபத்தில் கூட்டம் போட்டார். மெல்சி மேடையேறி ஊரிடம் ஒரு மன்னிப்புக் கேட்டுவிட்டால் எல்லாரும் நிம்மதியாகி விடுவார்கள் என்பது அவர் யோசனை. பிரச்சினை ஷோரூம் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளவும் அதைவிட நல்ல வழி இல்லை. மெல்சி மேடையேறினாள். மன்னிப்புக் கேட்கவில்லை.

"அண்ணாச்சி, ஒண்ணே ஒண்ணு. ஊருல விழுதது என் குத்துன்னா, அன்னைக்கு நான் அழுத்துனேன். நான் அழுத்தலன்னா, ஊருல விழுதது என் குத்து இல்ல. ரெண்டுல எது?"

தவசிமணி தொண்டையைச் செருமினார். "அப்படி இல்லம்மா. நீ அழுத்தியிருக்கலாம். ஆனா போட்டியப் பொறுத்தவரைக்கும் நீ அழுத்தல. ஊரப் பொறுத்தவரைக்கும் அழுத்தியிருக்க."

எப்பேர்ப்பட்ட அநியாயம் இது! ஒரே விரல், ஒரே பொத்தான். பெருமைக்கு வரும்போது அது அமுங்கவில்லையாம், பழிக்கு வரும்போது மட்டும் அமுங்கியதாம். கொடுமை என்னவென்றால், மண்டபத்தில் பாதிப் பேர் அதுவும் நியாயம்தான் என்பது போலத் தலையை ஆட்டினார்கள். அந்த நேரத்தில் எங்கிருந்தோ ஒரு உதை வந்து மைக் கம்பியைச் சாய்த்தது. எல்லாரும் பழக்கத்தில் முழங்கையை உயர்த்தி, இறக்கி, கூட்டத்தைத் தொடர்ந்தார்கள்.

"என் கை ஒண்ணுதான் அண்ணாச்சி," என்றாள் மெல்சி. மைக் விழுந்துவிட்டதால் கத்த வேண்டியிருந்தது. "ஒங்க வசதிக்கு அத ரெண்டாக்காதீங்க. நான் ஒங்ககிட்ட கோப்ப கேட்டனா? அழுத்துனவள அழுத்தலன்னு சொன்னீங்கல்லா, அதத் திருப்பி எடுங்கன்னுதான் கேக்கேன்."

கடைசி வரிசையில் சேகு எழுந்து நின்றான்.

"இப்ப விழுந்துச்சே, அது என் ஒத," என்றான். "அன்னைக்கு எனக்கும் போச்சு. ஒண்ணு ரெண்டு இல்ல. அழுத்துனேன், வரல. ஜெயிச்சிட்டேன், அதனால வாயத் தொறக்கல."

இதைக் கேட்டதும் மெல்சியின் மனம் குளிர்ந்திருக்கும் என்று நினைத்தவர்கள் அவளை அறியாதவர்கள். அவளுக்கு தவசிமணி மேல் இருந்ததைவிடப் பெரிய கோபம் அப்போதுதான் வந்தது.

"இத அன்னைக்கு அந்த மேடையில சொல்லியிருக்கணும் சேகு."

"ஆமா."

"நான் ஒன்னயத்தான் பாத்தேன்."

"பாத்தது தெரியும். அதான் நான் கோப்பையப் பாத்தேன்." அவன் குரல் இறங்கியது. "கோப்பைய ஒங்க வீட்டுல கொண்டாந்து வச்சிருதேன் மெல்சி."

"அதக் கொண்டாந்தா தெருவுல எறிவேன். எனக்கு அந்த ஆட்டம் வேணும். வயரோட."

தவசிமணி சங்கத்தின் விதியை எடுத்துச் சொல்லத் தொடங்கினார். யாரும் கேட்கவில்லை; ஏனென்றால் கோயில் வேலைகளைப் பார்க்கிற மரியாயின் சேனைப் பெண்கள் எழுந்து பங்குச்சாமியாரிடம், இனி இந்த மண்டபத்துக்குள் வயரில்லாத எதுவும் நுழையக் கூடாது, நுழைந்தால் நாங்கள் மண்டபத்தைக் கூட்டிப் பெருக்க வர மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். சாமியாரும் வீங்கிய தாடையைத் தடவியபடி சரி என்றார். மெல்சிக்கு அதிலும் ஆறவில்லை. அவள் சொன்னதற்காக அவர்கள் அசையவில்லை. தங்கள் தாடைக்கும் வடகத்துக்கும் அசைந்தார்கள்.

அடுத்த வாரம் தவசிமணியின் ஷோரூம் வாசலில் புது போர்டு தொங்கியது. வயர் உள்ள கன்ட்ரோலர்கள் இங்கே கிடைக்கும் என்று கொட்டை எழுத்தில் எழுதி, அதற்கு மேலே கை கூப்பிய அவருடைய படம். மெல்சி வேலைக்குப் போகிற வழியில் வண்டியை நிறுத்தி அதை முழுசாக வாசித்தாள். நீ அழுத்தினாய் என்ற வார்த்தையை அந்த மனிதர் அன்று வரை சொல்லவில்லை. அதற்குப் பிறகும் சொன்னதில்லை.

ஆட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மீன் ஏலக்கூடத்தில் நடந்தது. ஞாயிறு படகு கடலுக்குப் போகாது என்பதால் கூடம் காலியாகக் கிடந்தது. தரையைக் கழுவிவிட்டு, ஐஸ் கம்பெனியிலிருந்து கரண்ட் இழுத்து, கவிழ்த்த மீன் பெட்டிகள் மேல் டிவியை வைத்தார்கள். மேடை இல்லை, மைக் இல்லை. ஊர் வந்தது, வழக்கம்போல முழங்கையை மடக்கிக்கொண்டே வந்தது. சேகு தன் வயரைச் செருகினான். மெல்சி தன் வயரைச் செருகினாள். ஈரத் தரையில் இரண்டு வயரும் எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி கிடந்தன. நடக்கிறவர்கள் அவற்றைத் தாண்டிக் காலெடுத்து வைத்தார்கள்.

முதல் சுற்று மெல்சிக்கு. இரண்டாவது சேகுவுக்கு. அழுத்தியதெல்லாம் போனது, போனதெல்லாம் விழுந்தது, விழுந்ததெல்லாம் விழ வேண்டிய ஆள் மேலேயே விழுந்தது. கிழவியின் சடை சுழல்வதையும் வீரன் சறுக்கி ஒதுங்குவதையும் பார்த்துக்கொண்டே இருந்த கூட்டம், தங்கள் கைகள் தாமாகக் கீழே இறங்கிவிட்டதைக் கவனிக்கவில்லை. ஞானராஜ் அண்ணாச்சி ஜாடி உடைந்த பிறகு முதல் தடவையாக இரண்டு கையாலும் டீ கிளாஸைப் பிடித்துக் குடித்தார். ரோஸ்லின் மகளுக்குப் பின்னால் நின்று, மூச்சை விடாமல், அவள் விரல்களையே பார்த்தாள். அந்த விரல்கள் இத்தனை வேகம் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

கடைசிச் சுற்றில் இரண்டு பேருக்கும் கொஞ்சம்தான் உயிர் மிச்சம். சேகு குதித்தான். மெல்சி தட்டினாள், தட்டினாள், குத்தை அழுத்தினாள். கிழவியும் தட்டி, தட்டி, கையை எகிறவிட்டாள். ஆனால் சேகு இந்த முறை குதித்த இடத்திலேயே இறங்காமல் ஒரு அடி பின்னால் இறங்கினான். குத்து அவன் தாடைக்கு முன்னால் வெறும் காற்றைக் கிழித்தது. அவன் ஒரே உதை விட்டான். கிழவி விழுந்தாள்.

யாரும் கைதட்டவில்லை. அழுத்தினேன் என்று சொல்வாளோ, வயரைப் பிடுங்கி எறிவாளோ என்று எல்லாரும் மெல்சியையே பார்த்தார்கள். சேகு கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு, இந்த முறை வேறெங்கும் பார்க்காமல் அவள் முகத்தையே பார்த்தான்.

மெல்சி திரையில் விழுந்து கிடந்த கிழவியைப் பார்த்தாள். பிறகு தன் விரல்களைப் பார்த்தாள்.

"நீ பின்னால எறங்குவன்னு நான் நெனைக்கல," என்றாள்.

"ஒன் குத்து வருதுன்னு தெரியும்லா," என்றான் சேகு. "வந்தா, அங்கன நிக்க முடியுமா?"

அவள் சிரித்துவிட்டாள். அந்த மண்டபத்து ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு ரோஸ்லின் அந்தச் சிரிப்பைக் கேட்டதே இல்லை. இடுப்பில் கூடையோடு நின்ற மீன்காரி ஒருத்தி, என்ன பிள்ள இது, தோத்துட்டுச் சிரிக்குது என்று பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டாள்.

"தோத்துட்டேன்க்கா," என்றாள் மெல்சி, எல்லாருக்கும் கேட்கும்படி, பெருமையாக. "இந்தத் தடவ நான்தான் தோத்தேன்."

பிறகு முதுகை நிமிர்த்தி, பெட்டியை டிவிக்கு இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "ம், இன்னொண்ணு போடு" என்றாள்.